குதிரைக்கு டோனட் ஊட்டினால் பைத்தியமா?

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். திடீர்ப் பணக்காரன் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குடையைத்தான் முதலில் விரிப்பார்கள். பட்டிக்காட்டான் பட்டணம் வந்தான், பணம் தலைக்கேறியது, ஆட்டம் போட்டான், காதலி திருத்தினாள், சுபம். 1936-இல் வெளிவந்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற ஹாலிவுட் படம் அந்தக் குடையைத் தொடவே இல்லை. இதில் பணம் வந்தவன் கடைசிவரை மாறுவதில்லை. பெயரை மறைத்துக்கொண்டு அவனிடம் வந்தவள்தான் மாறுகிறாள். அவனைப் பார்த்துச் சிரித்த நாமும் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது. அந்த நெளிவை எப்படித் திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. கதை முழுவதும் இதில் வரும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். 115 நிமிடம்தான்.

இயக்கம் ஃபிராங்க் காப்ரா, தயாரிப்பு கொலம்பியா, திரைக்கதை ராபர்ட் ரிஸ்கின், ஒளிப்பதிவு ஜோசப் வாக்கர். மூலம் கிளாரன்ஸ் பட்டிங்டன் கெல்லண்ட் 1935-இல் ஒரு பத்திரிகையில் எழுதிய 'ஓபரா ஹேட்' என்ற தொடர்கதை. அதில் ஓபரா என்கிற இசை நாடக அரங்கைச் சுற்றி ஒரு கொலை மர்மம் உண்டு. ரிஸ்கின் அதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, சொத்து வந்த கிராமத்து ஆளை மட்டும் வைத்துக்கொண்டார். ஓபரா, படத்தில் ஒரே ஒரு நிர்வாகக் குழுக் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. படத்தில் வரும் வக்கீல் கம்பெனியின் பெயரைக் கவனியுங்கள்: சீடர், சீடர், சீடர் அண்ட் பட்டிங்டன். மூலக்கதை எழுதியவரின் நடுப்பெயர் அங்கே ஒளிந்திருக்கிறது.

பணம் வருகிற வேகம் முதல் பாடம். இத்தாலியில் ஒரு கார் மலைப்பாதையிலிருந்து உருண்டு விழுகிறது. மார்ட்டின் செம்பிள் என்ற கோடீஸ்வரர் சாகிறார். நாளிதழ்த் தலைப்புகள் திரையில் சுழல்கின்றன. அவ்வளவுதான். செத்தவர் முகத்தைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை. சொத்து 2 கோடி டாலர். இன்றைய மதிப்பில் 40 கோடி டாலருக்கு மேல் போகும். வாரிசு, வெர்மான்ட் மாநிலத்தில் மாண்ட்ரேக் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் லாங்ஃபெல்லோ டீட்ஸ். நடித்தவர் கேரி கூப்பர். ஊரில் இருக்கிற கொழுப்பு காய்ச்சும் ஆலையில் ஒரு பங்கு, வாழ்த்து அட்டைகளுக்குக் கவிதை எழுதுவது, பேண்டில் டியூபா ஊதுவது. டியூபா என்பது மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழல். யானை பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் வரும். கோட்டும் தொப்பியுமாக வக்கீல்கள் ரயிலில் வந்து 2 கோடி டாலர் என்று சொல்கிறார்கள். எனக்கு எதற்கு அவ்வளவு பணம், தேவையே இல்லையே என்கிறான் டீட்ஸ். டியூபா சத்தம்தான் மிச்சம்.

இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பணத்தைக் கண்டு அசையாத நாயகன் ஒன்று சாமியாராகத் தெரிவான், இல்லை அசடாகத் தெரிவான். இரண்டுமே காதல் நகைச்சுவைக்கு ஆகாது. ரிஸ்கின் அதற்கு வைத்த மருந்து, டீட்ஸை வெகுளியாக விட்டுவிட்டு ஏமாளியாக மட்டும் ஆக்காமல் இருப்பது. நியூயார்க் மாளிகைக்கு வந்ததும் வக்கீல் ஜான் சீடர் பவர் ஆஃப் அட்டர்னி கேட்கிறார். சம்பளமே வேண்டாம், எல்லாவற்றையும் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். டீட்ஸுக்கு உறுத்துவது அந்த இலவசம்தான். சும்மா வேலை செய்ய ஒருத்தன் ஏன் இவ்வளவு துடிக்கிறான்? ஓபரா நிர்வாகக் குழு அவனைத் தலைவராக்கி, நஷ்டத்தை நிரப்பச் சொல்லித் தலையில் கட்டப் பார்க்கிறது. டிக்கெட் விற்கிறோம், நஷ்டம் வருகிறது என்றால் ஜனங்களுக்குப் பிடிக்காத நாடகத்தைப் போடுகிறோம் போலிருக்கிறது என்று பலசரக்குக் கடைக்காரர் மாதிரி கணக்குக் கேட்கிறான். இந்த இரண்டு காட்சியும் நிருபர் பேப் பென்னட் அவனைச் சந்திப்பதற்கு முன்பே வைக்கப்பட்டிருப்பது முக்கியம். இவனைப் பணத்தால் ஏமாற்ற முடியாது என்று நமக்குத் தெரிந்த பிறகுதான், ஏமாற்றக்கூடிய ஒரே வழி திறக்கிறது.

அந்த வழி, நாயகியாக வரும் ஜீன் ஆர்தர். முதலில் ஒப்பந்தமானவர் கரோல் லம்பார்ட். படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் வேறொரு படத்துக்காக விலகிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதற்குத்தான். ஜீன் ஆர்தரின் குரலில் ஒரு கரகரப்பும் உடைசலும் உண்டு. பொய் சொல்லும்போது கெட்டிக்காரத்தனமாகவும், அதே பொய் தொண்டையில் சிக்கும்போது அழுகையாகவும் கேட்கிற குரல். பாத்திரத்தின் பெயர் பேப் பென்னட், புலிட்சர் பரிசு வாங்கிய நிருபர். புதுப் பணக்காரனைப் பற்றி உள்ளே புகுந்து எழுதிக்கொடுத்தால் சம்பளத்தோடு ஒரு மாத விடுமுறை என்று ஆசிரியர் ஆசை காட்டுகிறார். அவள் மழையில் நனைந்தபடி மாளிகை வாசலில் காத்திருந்து, நாளெல்லாம் வேலை தேடி அலைந்து மயங்கி விழுந்தவளாக நடிக்கிறாள். பெயர் மேரி டாசன் என்கிறாள்.

ஏன் இந்தத் தூண்டில் பிடிக்கிறது? துயரத்தில் இருக்கும் ஒரு பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பது டீட்ஸின் நெடுநாள் ஆசை என்று ஊரில் அவன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி ஏற்கெனவே வக்கீல்களிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் தன்னைச் சுற்றி வரும் மெய்க்காப்பாளர்களை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்திருக்கிறான். அதிர்ஷ்டம் மாதிரி தெரியும் ஒவ்வொன்றுக்கும் முன்னாடியே ஒரு முளை அடித்திருக்கிறார்கள். வேடம் போடும் கதைகளில் பலர் சறுக்குகிற இடம் இது: வேடம் எவ்வளவு சாமர்த்தியமானது என்று காட்டுவதிலேயே காட்சியைச் செலவழித்துவிடுவார்கள். அந்த வேடத்தை நம்ப எதிராளிக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. அவள் யார் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். இடைவேளைத் திருப்பமாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். வைத்திருந்தால் ஒரே ஒரு அதிர்ச்சி கிடைத்திருக்கும். தெரிந்து பார்ப்பதால் ஒவ்வொரு காட்சியும் இரண்டு அடுக்காக ஓடுகிறது. டீட்ஸ் மனசு திறந்து ஒரு வார்த்தை சொல்லும்போதெல்லாம், ஐயோ, இது நாளைக் காலைப் பேப்பரில் வந்துவிடுமே என்று நமக்குப் பதறுகிறது. கிராண்ட் கல்லறைக் காட்சி இதற்கு நல்ல சாட்சி. உள்நாட்டுப் போரில் வென்று பிறகு ஜனாதிபதியான ஜெனரல் கிராண்டின் கல்லறை நியூயார்க்கில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும் என்கிறாள் பேப், நகரத்துக்காரியாக. டீட்ஸுக்கு அங்கே ஒஹையோ பண்ணைப் பையன் ஒருவன் பெரிய படைவீரனாக ஆவது தெரிகிறது. ஆயிரமாயிரம் பேர் அணிவகுப்பது தெரிகிறது. அந்தப் பையன் ஜனாதிபதியாகப் பதவியேற்பது தெரிகிறது. ஜீன் ஆர்தரின் முகத்தைப் பாருங்கள். எழுத வந்தவள் எழுத மறந்துபோன முதல் கணம் அது.

இப்போது டோனட்டுக்கு வருவோம். படத்தின் அச்சாணி அதுதான்.

இலக்கியவாதிகள் கூடும் உணவகம் ஒன்றில் பெரிய கவிஞர்கள் டீட்ஸைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவனுடைய வாழ்த்து அட்டைக் கவிதைகளை நக்கலடிக்கிறார்கள். புரிந்ததும் இரண்டு பேரை அடித்துவிடுகிறான். அந்தக் கூட்டத்தில் ஒரு கவிஞர் மட்டும் மன்னிப்புக் கேட்டு, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று குடிக்க அழைத்துப்போகிறார். குடிப் பழக்கமே இல்லாதவன். விடிவதற்குள், இயற்கைக்குத் திரும்பிவிட்டேன் என்று சொல்லும் அவனை உள்ளாடையோடு போலீஸ்காரர்கள் கூட்டிவரும் அளவுக்குப் போகிறது. நடுவில் ஒரு குதிரைக்கு டோனட் டோனட்டாக ஊட்டியிருக்கிறான். அந்தக் கூத்தை நாம் முழுதாகப் பார்ப்பதுகூட இல்லை, மறுநாள் பேச்சிலும் பேப்பரிலும்தான் தெரிந்துகொள்கிறோம். 'சிண்ட்ரெல்லா மேன்' என்று பேப் அவனுக்கு வைத்த பட்டப்பெயரும் ஊர் முழுக்கப் பரவுகிறது. நாமும் சிரிக்கிறோம்.

அதே டோனட் இரண்டாம் தடவை வரும்போது சிரிப்பு வராது. தன் காதலி யார் என்று தெரிந்து நொறுங்கிப்போன டீட்ஸ் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டுகிறான். நிலத்தை இழந்த ஒரு விவசாயி மாளிகைக்குள் புகுந்து துப்பாக்கியை நீட்டுகிறான். ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது குதிரைக்கு டோனட் ஊட்டினாயே, எப்படி இருந்தது என்று கேட்கிறான். பேப் எழுதிய ஒரு நகைச்சுவைத் துணுக்கு, பசித்தவன் கண்ணில் பட்டு, துப்பாக்கியாகித் திரும்பி வந்திருக்கிறது. விவசாயி கை நடுங்கி அழுகிறான். டீட்ஸ் அவனைச் சாப்பிடவைக்கிறான். அங்கே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்க்கும்போதுதான் பணத்துக்கு ஒரு வேலை இருப்பது டீட்ஸுக்குத் தெரிகிறது. 1 கோடியே 80 லட்சம் டாலரை நிலமாக மாற்றி, ஆளுக்கு 10 ஏக்கர், ஒரு குதிரை, ஒரு மாடு, கொஞ்சம் விதை. மூன்று ஆண்டு உழைத்தால் நிலம் அவனுக்கே.

இது வானத்திலிருந்து குதித்த யோசனை இல்லை. 1933 வாக்கில் அமெரிக்காவில் உழைக்கக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. நடுமாநிலங்களில் புழுதிப் புயல் நிலத்தையே வாரிக்கொண்டு போயிருந்தது. நொடித்த விவசாயக் குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்த ரூஸ்வெல்ட் அரசு 1935-இல் ஒரு தனித் துறையே தொடங்கியிருந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தத் துப்பாக்கிக்காரன் பக்கத்து வீட்டுக்காரன்.

மூன்றாம் தடவை டோனட் நீதிமன்றத்துக்குப் போகிறது. பணத்தை வாரிக் கொடுக்கிறவன் சித்தம் கலங்கியவனாகத்தான் இருக்க வேண்டும் என்று செம்பிளின் வேறு உறவினர் ஒருவரைக் கிளப்பிவிட்டு சீடர் வழக்குப் போடுகிறார். அவர் கையாண்ட கணக்கில் பெரிய துண்டு விழுந்திருப்பது அவருக்குத்தான் தெரியும். இனி நடப்பதுதான் ரிஸ்கினின் கைவரிசை. முதல் முக்கால் படத்தில் நாம் எதற்கெல்லாம் சிரித்தோமோ, அத்தனையும் ஒவ்வொன்றாகச் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. பேப் எழுதிய கட்டுரைகளே ஆதாரம். உணவகத்தில் அடித்தது, டோனட், உள்ளாடை, மெய்க்காப்பாளர்களைப் பூட்டியது, விருந்துக்கு வந்த பிரமுகர்களை வெளியே தள்ளியது, டியூபா. ஒரு மனநல மருத்துவர் வரைபடம் வைத்து, இவன் உற்சாகம் ஏறும்போது இது, சோர்வு இறங்கும்போது இது என்று வளைகோடு போட்டுக் காட்டுகிறார். எல்லாமே உண்மை. யாரும் பொய்ச்சாட்சி சொல்லவில்லை. வரிசைதான் வேறு.

டீட்ஸ் வாயே திறப்பதில்லை. வக்கீல் வேண்டாம் என்கிறான். கேள்விக்குப் பதில் இல்லை. மனசு விட்டுப்போனது காரணம் என்பது கதைக்கு. திரைக்கதைக்கு வேறு காரணம் உண்டு. அவன் இடையில் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் நாம் அவன் பக்கம் சாய்ந்து நிம்மதியாகியிருப்போம். பேசாததால் குற்றச்சாட்டு முழு எடையோடு குவிகிறது. கிராமத்திலிருந்து இரண்டு வயதான சகோதரிகளை வேறு கூட்டிவருகிறார்கள். டீட்ஸைப் பற்றிக் கேட்டால் இரண்டு பேரும் கலந்து பேசிவிட்டு, அவன் 'பிக்சிலேட்டட்' என்கிறார்கள். குட்டித் தேவதைகள் பிடித்துக்கொண்டவன் என்று அர்த்தம்; நம் ஊரில் காத்துக் கருப்பு அடிச்சவன் என்போமே, கொஞ்சம் செல்லமாக, அப்படி. சொந்த ஊர்க்காரர்களே சொல்லிவிட்டார்கள். கதை முடிந்தது என்று தோன்றும்.

பேப் கத்தி அழுது, அவனை நேசிப்பதாகக் கூண்டில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவன் எழுகிறான். எழுந்து என்ன செய்கிறான்? பெரிய பிரசங்கம் எதுவும் இல்லை. அதே ஆதாரங்களை எடுத்து மறுபடி அடுக்குகிறான். யோசிக்கும்போது எல்லாரும் ஏதாவது அசட்டு வேலை செய்வார்கள், நான் டியூபா ஊதுகிறேன் என்கிறான். நீதிபதி எழுத்துகளில் இருக்கும் ஓட்டைகளைப் பென்சிலால் அடைத்துக்கொண்டிருக்கிறார். வளைகோடு போட்ட மருத்துவர் கைக்குக் கிடைத்த தாளில் அர்த்தமில்லாத கிறுக்கல் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு எங்கள் ஊரில் 'டூடுல்' என்று பெயர் என்கிறான். யோசனையில் ஆழ்ந்து கிறுக்குவதற்கு அந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியதே இந்தப் படத்திலிருந்துதான். சகோதரிகளிடம் ஒரே கேள்வி: மாண்ட்ரேக் ஃபால்ஸில் வேறு யார் பிக்சிலேட்டட்? எங்களைத் தவிர எல்லாரும்தான் என்று பதில் வருகிறது. ஆதாரம் ஒன்றும் பொய் ஆகவில்லை. அதன் கனம் மட்டும் காணாமல் போகிறது. பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஓர் உவமை: பெரிய படகில் நான் போகிறேன், ஒருத்தன் துடுப்புப் போட்டுக் களைத்து இலவசச் சவாரி கேட்கிறான், இன்னொருத்தன் மூழ்கிக்கொண்டிருக்கிறான், யாரைத் தூக்குவது? அந்த 'இலவசம்' எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சம்பளம் வேண்டாம் என்ற சீடர் படத்தின் தொடக்கத்திலேயே கொடுத்த சொல் அது.

காதல் பக்கத்தில் நேரக்கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். டீட்ஸ் நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு கவிதையை எழுதி அவள் கையில் கொடுக்கிறான். அவள் வாசற்படியில் நின்று சத்தமாக வாசிக்கிறாள். பதிலுக்குக் காத்திராமல் ஓடி, குப்பைத் தொட்டிகளில் தடுக்கி உருள்கிறான். அதன்பிறகு வேலையை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவள் முடிவு செய்கிறாள். சொல்வதற்கு முன், பழைய நிருபரும் இப்போது டீட்ஸின் ஆளுமான காப் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார். அவளே சொல்லியிருந்தால் காயம் ஆழமாகப் பட்டிருக்காது. சொல்ல முடிவெடுக்காமலேயே அகப்பட்டிருந்தால் நாம் மன்னித்திருக்க மாட்டோம். முடிவெடுத்து, சொல்லவும் கிளம்பி, சில மணி நேரம் பிந்திவிட்டாள் என்கிற அந்த இடைவெளிக்குள்தான் கடைசி அரை மணி நேரம் நிற்கிறது. காப்பாக நடித்த லயனல் ஸ்டாண்டரின் சரளைக்கல் குரலில் அந்தச் செய்தி வரும்போது வேறு இசை எதுவும் தேவைப்படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. எதற்கெடுத்தாலும் டீட்ஸின் முஷ்டி முந்திக்கொள்கிறது. கடைசியில் சீடரையும் நீதிமன்றத்திலேயே ஒரு குத்து. 1936 கைதட்டியிருக்கும், இப்போது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது. அடித்த ஐந்தாம் நிமிடம், இந்த நீதிமன்றத்துக்குள் நுழைந்ததிலேயே தெளிவான புத்தி உள்ளவர் இவர்தான் என்று தீர்ப்பு வருவது சட்டம் படித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பேப் நேர்மைக்குத் திரும்புவதற்கு அவள் வேலையையே விட வேண்டியிருக்கிறது; பரிசு வாங்கிய நிருபர் அதே பேனாவால் உண்மையை எழுதியிருக்கலாமே என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை.

1937 மார்ச்சில் நடந்த விழாவில் காப்ராவுக்கு இயக்கத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. அவருக்கு அது இரண்டாவது. கூப்பருக்கு முதல் பரிந்துரை.

2002-இல் ஆடம் சாண்ட்லரை வைத்து 'மிஸ்டர் டீட்ஸ்' என்று மறுபடி எடுத்தார்கள். சொத்து 4,000 கோடி டாலராக வீங்கியது. நிருபர் தொலைக்காட்சிக்கு மாறினாள், அவளும் டாசன் என்ற பெயரில்தான் வருகிறாள். கூத்துகள் ஏகம். நீதிமன்றத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பங்குதாரர் கூட்டத்தை வைத்தார்கள். கடைசியில் வேலைக்காரர்தான் உண்மையான வாரிசு என்று ஒரு திருப்பம். அதனால் முன்பாதியில் அடித்த எந்த ஜோக்குக்கும் பின்பாதியில் வேலை இல்லை; சிரித்த இடத்திலேயே செத்துவிடுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்க்க முடிந்தால் பாருங்கள், பழையதை முதலில். பழையதில் கடைசிக் காட்சியை நிறுத்திவிடாதீர்கள். கூட்டம் டீட்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. காலியான நீதிமன்றத்தில் பேப் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவன் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிவந்து அவளை அள்ளித் தூக்குகிறான். மூலையில் இன்னும் கிளம்பாமல் இருக்கும் அந்த இரண்டு கிழவிகளும் அதைப் பார்க்கிறார்கள். இன்னும் பிக்சிலேட்டட்தான் என்கிறாள் ஒருத்தி. மற்றவள் ஆமோதிக்கிறாள்.